என் பேரில் ஒரு மூட்டை மணல்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கணக்கு இடிக்குதேன்னு பார்க்க வேண்டாம். என் நாத்தனார் ரெண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அதுங்களையும் என் பிள்ளைகளோடு சேர்த்துப் போட்டு வளர்த்தேன். அதில் மூத்தவளையே என் பெரிய மகனுக்குக் கட்டியும் வைத்தேன். ஆறு பேரும் இன்றைக்குக் குடும்பம் குட்டியோடு நன்றாக இருக்கிறார்கள். யார் வீட்டு வாசலிலும் போய் நான் கை நீட்டி நின்றதில்லை.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவு. அரிசி வாங்கப் படகு, ஆஸ்பத்திரிக்குப் படகு, கல்யாணத்துக்குப் படகு, சாவுக்கும் படகுதான். கடலுக்குப் போகிறவர்கள் மோட்டார் வைத்துக்கொண்டு பறக்கிறார்கள். ஏரிக்குள் எங்களுக்குப் பாய்தான். தண்ணீர் பல இடத்தில் இடுப்பளவு, கோடையில் முழங்காலளவு. மோட்டார் காத்தாடி சேற்றில் மாட்டும், பாசியைச் சுற்றிக்கொள்ளும். இறால் பிடிக்கிற இடத்துக்கு மோட்டார் வரக் கூடாதுன்னு ஊர்க்கட்டுப்பாடும் உண்டு. அதனால் எந்த வீட்டில் எந்தப் படகு, எந்தப் படகு எப்படி ஓடும் என்பதுதான் எங்களுக்குப் பேச்சு.

எங்கள் படகு என் வீட்டுக்காரர் இருந்தபோது வாங்கியது. ஆறு பேர் உட்காரலாம், நெருக்கினால் இன்னொரு கைக்குழந்தை. ஆனால் ஓட்டம் என்றால் ஓட்டம். அவர் போன பிறகு பாய்க்கயிற்றை நான் பிடித்தேன். பொம்பளை பாய் பிடிக்கிறாளேன்னு கரையில் நின்று சிரித்தவர்களை எல்லாம் ஏரியில் பின்னால் விட்டுவிட்டு வந்தேன். இறாலை எடுத்துக்கொண்டு போனால் எங்கள் படகுதான் முதலில் கரை சேரும். முதலில் சேர்ந்த இறாலுக்குத்தான் மரியாதை.

அந்தப் படகைக் கொடுத்துவிடப் போகிறோம் என்று என் மகன்கள் சொன்னபோது எனக்கு மீன் ஆய்கிற அரிவாள்மணை காலில் விழுந்த மாதிரி இருந்தது.

காரணம் இல்லாமல் அவர்கள் சொல்லவில்லை. நான் வளர்த்த சின்னவள் மகளுக்குக் கரையில் கல்யாணம். எங்கள் வீட்டில் பெரியவன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், சின்னவன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், நான். ஒரே நடையில் போக இடம் இல்லை. ரெண்டு நடை அடித்தோம். முதல் நடையில் பெரியவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, சின்னவன் திரும்பி வந்து மிச்சப் பேரை ஏற்றினான். பாதி வழியில் காற்று செத்துப்போச்சு. பெரிய மருமகள் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏரி நடுவில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணுக்கு அவள் சொந்தப் பெரியம்மா. அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடித்து, பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தட்டைத் தரையில் வைத்தாள்.

"ஒண்ணு பெரிய படகு வாங்குங்க. இல்லன்னா நான் எங்க அத்தை வீட்டோட இருந்துக்கறேன்."

பெரியவன் விழித்தான். "எந்த அத்தை வீடு?"

"இதே அத்தை வீடுதான். நீங்க கெளம்புங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என் கையில் வளர்ந்தவள், வாய் அப்படித்தான் இருக்கும். ஆனால் அன்று சாயங்காலமே மகன்கள் ரெண்டு பேரும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

"அம்மா, இந்தப் படகைக் குடுத்துட்டு பெரிசா ஒண்ணு எடுக்கலாம்னு கீறோம்" என்றான் பெரியவன்.

"இன்னாத்துக்குடா குடுக்கணும்? இது ஒரு பக்கம் இருக்கட்டும்."

"ரெண்டு படகை யாரு பார்த்துக்கறது? பழசைக் குடுத்தாதான் புதுசு வரும்."

பெரிய மருமகள் முகம் இன்னும் வீங்கியிருந்தது. அவள் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் பெரிய படகு என்றால் எருமை மாதிரி நகரும். இறால் வழியிலேயே கெட்டுப்போகிற மாதிரி மெதுவாக ஒரு படகு எங்கள் வீட்டு வாசலில் நிற்கப் போகுதேன்னு இருந்தது.

"ஓட்டம் கொறையக் கூடாது. அவ்ளோதான் நான் சொல்வேன்" என்றேன்.

"கொறையாதும்மா. நான் கீறேன் இல்ல" என்றான் சின்னவன். ஓட்டத்தில் அவன் என் மாதிரி. அவன் பேச்சை நம்பினேன்.

முதலில் தோணிரேவில் ஒரு படகு பார்க்கப் போனோம். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். படகு நல்ல அகலம். உள்ளே பலகை அடித்து, மேலே நிழலுக்குத் துணி கட்டி, சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடலாம் போல இருந்தது. பெரியவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. படகுக்காரர் உள்ளே ஏறி நின்று குதித்துக் காட்டினார்.

"பாரும்மா, ஆடுதா? உள்ளயே அடுப்பு வச்சு சோறாக்கலாம்."

"ஆக்கலாம்யா. ஆக்கித் தின்னு, கழுவிக் கவுத்து, மறுபடியும் பசி எடுக்கும். அப்பவும் ஊர் வந்திருக்காது" என்றேன்.

அங்கே இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். படகுக்காரரும் சிரித்துவிட்டார். அடியைக் குனிந்து பார்த்தேன். தட்டையாக, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற வயிறு. காற்றை எதிர்த்து அந்தப் படகை வெட்டி வெட்டிக் கொண்டுபோக முடியாது. பக்கவாட்டில் நழுவும். பெரியவன் முகம் தொங்கிப்போச்சு, ஆனால் ஒத்துக்கொண்டான்.

அடுத்தது சுண்ணாம்புக்குளத்தில். அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவார். என் வயதுக்கு நாலைந்து குறைவாக இருக்கும். அவர் பிள்ளைகள் எல்லாம் வேலைக்கு வெளியூர் போய்விட்டதால் பெரிய படகைக் கொடுத்துவிட்டுச் சின்னது தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் சின்னதைக் கொடுத்துப் பெரியது தேடினோம். பொருத்தம் தானாக வந்து நின்றது.

அந்தப் படகை ரெண்டு தரம் சுற்றி வந்து பார்த்தேன். நீளம் எங்கள் படகைப் போல ஒன்றரை மடங்கு. ஆனால் அகலத்தை அள்ளிப் போடவில்லை. முன்பக்கம் ஒல்லியாக வந்து, நடுவில்தான் கொஞ்சம் விரிந்து, பின்னால் மறுபடி அடங்கியிருந்தது. பாய்மரம் நல்ல உயரம். வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒரே நடையில் போகலாம், ரெண்டு வரிசையாக உட்கார்ந்து.

"அம்மா, இது குர்ரம்மா" என்றார் அவர். குதிரையாம்.

"குதிரைக்கு வயசு இன்னா?"

"உங்க அளவு இல்ல."

"அப்போ பல்லு இருக்கும்" என்றேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போச்சு.

எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்குப் படகு எடுத்தால் கண்ணால் பார்த்ததோடு விடுவதில்லை. வீட்டில் எத்தனை உருப்படியோ அத்தனை மூட்டை மணல் கட்டுவார்கள். அவரவர் எடைக்கு மணல். எது யாருடைய மூட்டை என்று தெரிவதற்காக, வாயை அவரவர் பழைய துணியில் கிழித்த நாடாவால் கட்டுவார்கள். பழகாத படகில் பிள்ளைகுட்டியை ஏற்றிக் கவிழ்த்துவிடக் கூடாது இல்லையா, அதற்குத்தான். யார் எங்கே உட்காருவார்களோ அங்கே அவர் மூட்டை. அப்புறம் பழைய படகையும் புதுப் படகையும் ஒரே நேரத்தில் பாய் விரித்து விடுவார்கள். புதுசு பின்னால் விழுந்தால் வேண்டாம், அவ்வளவுதான். உறவுக்காரர் படகானாலும் திருப்பி அனுப்பிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எடை பார்க்க எங்கள் தீவுக் கரையிலேயே இறால் வாங்குகிற கொட்டகைக்குப் போனார்கள். அங்கே தரையோடு வைத்த பெரிய தராசு இருக்கிறது, நம்பர் வெளிச்சமாக வரும். நான் அன்றைக்குத் தண்ணீரில் கையால் நண்டு தடவிக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வரும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்ன மருமகள் எடைதான் பெரியவன் எடையைவிடக் கூட வந்ததாம்.

"தராசு பேஜாரு அத்த. ஈரமா இருந்துச்சு" என்றாள் அவள்.

"ஈரம் இம்மாம் கிலோவா இருக்கும்?" என்று சின்னவன் கேட்டான். அவள் துடைப்பத்தை எடுத்தாள், அவன் ஓடிவிட்டான்.

என் எடையை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவும் இல்லை. என்னைப் பற்றித் தெரியாததா இவர்களுக்கு என்றுதான் இருந்தேன்.

ஓட்டிப் பார்க்கிற அன்று கடல் காற்று எழும்பட்டும் என்று மத்தியானம் வரை காத்திருந்தோம். சுண்ணாம்புக்குளத்துக்காரர் படகைக் கொண்டுவந்து எங்கள் கரையில் நிறுத்தியிருந்தார். ஊரில் பாதி வந்துவிட்டது. பழைய படகை ஓட்ட என்னைவிட யார்? நானும் பெரிய மருமகளும் அதில் ஏறிக்கொண்டு, வழக்கமாக ஏறுகிற பாரத்துக்கு ஈடாக வலையும் தண்ணீர்க் குடங்களும் போட்டுக்கொண்டோம். மூட்டைகளை மகன்கள் புதுப் படகில் ஏற்றினார்கள். நாங்கள் எங்கள் பாயைச் சரிசெய்துகொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. புதுப் படகின் வெளிப்பக்கம் சின்னவன் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்திருந்தது மட்டும் தெரிந்தது. எல்லா மூட்டையும் ஏறின பிறகு தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கோடையில் அடி சேற்றில் உரசும். படகு அமுங்கி ஓட்டமும் போய்விடும். அவன் கணக்கு சரியான கணக்குதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

"அம்மா, நான் ஜெயிச்சா அழக் கூடாது" என்று புதுப் படகில் ஏறி நின்று சுண்ணாம்புக்குளத்துக்காரர் குரல் கொடுத்தார்.

"ஜெயிச்சுட்டு வந்து சொல்லு. உன் கண்ணு தொடைக்கத் துண்டு தர்றேன்" என்றேன்.

கடல் முகத்துவாரத்துப் பக்கம் தனியாக ஒரு வலைக்கம்பம் நிற்கும். அதைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். போகும்போது காற்றுக்கு எதிர், வரும்போது காற்று முதுகில்.

போகிற வழியில் நாங்கள்தான் முன்னால். எதிர்க்காற்றில் ஒரு பக்கம் வெட்டிப் போய், திருப்பி, மறுபக்கம் வெட்டிப் போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் காற்று வருகிற பக்கம் ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்தால்தான் படகு சாயாது. மூட்டை தானாக நகருமா? மகன்கள் ரெண்டு பேரும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூட்டைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் எங்களுக்கு வந்தது.

"யோவ் அண்ணா, எம் பொண்டாட்டியைக் கொஞ்சம் புடிய்யா, தூக்க முடியல!"

பெரிய மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு. கையில் கயிறு இழுக்கிற இழுப்பு, காலடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். கம்பத்தை நாங்கள் முதலில் சுற்றினோம். குதிரையாம் குதிரை என்று சொல்லிக்கொண்டேன். அதே நேரத்தில் உள்ளுக்குள் ஒரு சங்கடமும் வந்தது. நான் ஜெயித்துவிட்டால் பெரிய படகு கிடையாது. மருமகள் மறுபடியும் ரசம் ஊற்றுகிற நேரத்துக்குத்தான் போவாள். ஆனால் கயிற்றைத் தளர்த்தி ஓட்ட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்ய மாட்டேன். நிஜமாகத் தாண்டினால்தான் அது படகு.

திரும்பினதும் பாயை அகல விரித்தேன். கரை நேராகத் தெரிந்தது. ஊர்க்காரர்கள் கை ஆட்டுவது தெரிந்தது.

திடீர்னு என் பாய் சோர்ந்தது.

காற்று நிற்கவில்லை, தண்ணீரில் அலை அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. என் பாய் மட்டும் தொய்ந்து தொங்கியது. பின்னால் நெருங்கி வருகிற படகின் பாய் நம் காற்றை மறைத்தால்தான் அப்படி ஆகும். இத்தனை வருஷத்தில் அதை நான் அடுத்தவர்களுக்குச் செய்திருக்கிறேன். எனக்கு யாரும் செய்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். அந்த நீளமான முன்பக்கம் தண்ணீரைப் பிளந்துகொண்டு என் தோள் பக்கத்தில் வந்து நின்றது.

"அத்த, தாண்டுறாங்கோ!" என்று மருமகள் கத்தினாள்.

தாண்டினார்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு சத்தமும் இல்லாமல், என் குடும்பம் மொத்தமும் மூட்டையாக உட்கார்ந்து என்னைத் தாண்டிப் போனது.

ஒவ்வொரு மூட்டையின் தலையிலும் துணி நாடா காற்றில் ஆடியது. பெரியவனின் கட்டம் போட்ட லுங்கி. பெரிய மருமகளின் மஞ்சள் புடவை. ஒன்பதாவது படிக்கிற பேத்தியின் பள்ளிக்கூடச் சீருடை. சின்னவனின் சட்டை, சின்ன மருமகளின் பூப்போட்ட நைட்டி. குட்டிப் பிள்ளைகளின் சின்னச் சின்ன மூட்டைகள், அதன் மேல் கிழிந்த பனியன் துணி. ஒன்றுவிடாமல் பார்த்தேன். என் புடவை கத்திரிப்பூ நிறம். நான் வேறு நிறம் கட்டுவதில்லை, ஊருக்கே தெரியும்.

கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றும் இல்லை.

அடியில் இருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். மருமகளும் பார்த்தாள். அவள்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"அத்த, உன் மூட்டை எங்க?"

என் கையிலிருந்து கயிறு நழுவிவிட்டது. எந்தக் காற்றிலும் எனக்கு அது நடந்ததில்லை. பாய் படபடவென்று அடித்தது. மருமகள் தாவிப் பிடித்தாள். மிச்ச தூரம் அவள்தான் கொண்டுவந்தாள். நான் படகில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். தோற்றது போய், எனக்கு வேறொன்று ஆகிக்கொண்டிருந்தது. ஒரு படகு முழுக்க என் வீடு. அதில் நான் இல்லை. நான் செத்த பிறகு எப்படி இருக்கும் என்று யாரோ முன்கூட்டியே கொண்டுவந்து காட்டின மாதிரி இருந்தது.

கரையில் ஒரே கூச்சல். சுண்ணாம்புக்குளத்துக்காரர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். நான் இறங்கி நேராகப் புதுப் படகின் பக்கத்தில் போய் நின்றேன்.

"நல்ல படகு. எடுத்துக்கோங்க" என்றேன். அதை முதலில் சொன்னேன். பிறகுதான் கேட்டேன். "எம் மூட்டை எங்கடா?"

பெரியவன் சின்னவனைப் பார்த்தான். சின்னவன் சிவப்புக் கோட்டைப் பார்த்தான்.

"அது வந்தும்மா... இப்பவே கோடு சரியா நிக்குது பாரு. இன்னும் ஒரு பெரியாள் ஏறினா கோடு முழுகிடும். ஓட்டம் கொறையக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"அதனால?"

"உன்னைத் தனி நடை வந்து கூட்டிக்கினு போறேன். ராணி மாதிரி தனியா வரலாம்."

"இறால் கூடையும் தனி நடையிலதாண்டா வருது" என்றேன்.

சுண்ணாம்புக்குளத்துக்காரர் தலைப்பாகையை மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். பெரிய மருமகள் மட்டும் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அத்தை வராத படகுல நான் ஏற மாட்டேன். கல்யாணமும் வேணாம், சீரும் வேணாம்."

"நீ சும்மா இருடி" என்றேன். அவள் விட்டுக்கொடுத்து எனக்கு இடம் கிடைப்பதா? "என் எடை இன்னான்னு வச்சுக் கணக்குப் போட்டே?"

"ஒரு அறுபது" என்றான் சின்னவன்.

"நிறுத்துப் பாத்தியா?"

"நிறுக்கணுமா இன்னா? எனக்குத் தெரியாதா உன்னை?"

"வாடா. நிறு."

இறால் கொட்டகை அங்கேயே பத்தடி தள்ளித்தான். நான் முன்னால் நடந்தேன், ஊர் பின்னால் வந்தது. அறுபது இருக்கலாம், எழுபதும் இருக்கலாம், வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டே போனேன். நான் தெருவில் நடந்தால் குடத்துத் தண்ணீர் ஆடும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆறு பிள்ளைகளைத் தூக்கின உடம்பு. ஒரு இடுப்பில் ஒன்று, மறு இடுப்பில் ஒன்று, தலையில் கூடை என்று சேற்றில் நடந்த உடம்பு. எவ்வளவு வந்தாலும் சொல், அவ்வளவுக்கும் மணல் கட்டு, கோடு முழுகினால் முழுகட்டும் என்று அவனிடம் சொல்ல வேண்டும் என்று வார்த்தையை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

தராசில் ஏறி நின்றேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் நம்பர் எனக்கு நன்றாகத் தெரியும். மீன் விற்றவளுக்கு நம்பர் தெரியாமல் இருக்குமா?

முப்பத்தி நாலு.

சின்னவன் குனிந்து தராசைத் தட்டினான். "இறங்கும்மா, மறுபடி ஏறு."

ஏறினேன். முப்பத்தி நாலு.

"மிஷின் ரிப்பேரா?" என்று கொட்டகைக்காரரைக் கேட்டான்.

"காலைல நண்டு நிறுத்தேன்பா. கரெக்டா கீது."

என்னை இறக்கிவிட்டு அவன் ஏறிப் பார்த்தான். அவனுக்கு அவன் எடை சரியாக வந்தது. பெரியவன் ஏறினான். அவனுக்கும் சரி. கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். என் பேத்தி, அந்த ஒன்பதாவது படிக்கிறவள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய மூட்டையே நாற்பதுக்கு மேல்.

மூட்டை இல்லாததைப் பார்த்தபோது வந்தது கோபம் கலந்த அதிர்ச்சி, அதைத் தாங்கலாம். இது வேறு. அறுபது கிலோ பொம்பளை ஒருத்தி என்னைக் கேட்காமலே எங்கேயோ எழுந்து போய்விட்டாள், மிச்சத்தை நான் என்று நினைத்துக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன். எப்போது போனாள்? எந்த வழியாகப் போனாள்? போன தை மாசம் வளையல் கழன்று கழன்று விழுந்தது. பெரிய அளவைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான்னு வளையல் கடைக்காரனோடு சண்டை போட்டேன். ரவிக்கை தொளதொளவென்று இருந்ததற்குத் தையல்காரியைத் திட்டினேன். பாவம், அவர்கள் ரெண்டு பேரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னவன் அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நான் அறுபதுன்னுதாம்மா நெனச்சேன். சத்தியமா. நீ ஒரு கத்து கத்தினா எங்களுக்கெல்லாம் எண்பதாத் தெரியும்."

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஆனால் அவன் குரலே உடைந்துபோச்சு. நான் அவன் தலையில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன்.

"எழுந்திருடா. ஊர் பார்க்குது" என்றேன்.

பெரிய மருமகள் ஒரு காலிச் சாக்கை உதறிக்கொண்டு மணல் அள்ளக் குனிந்தாள். என் புடவையில் நாடா கிழித்துவர பேத்தியை வீட்டுக்கு ஓடச் சொன்னாள்.

"வேணாம். மணலை எம் பேரு சொல்லிக் கட்டாதே. நானே ஏறுறேன்" என்றேன்.

"பழகாத படகு, அத்த."

"ஓடினதப் பாத்தேன் இல்ல. அது போதும்."

மறுபடியும் எல்லாரும் படகுக்கு வந்தோம். மூட்டைகள் அப்படியே உட்கார்ந்திருந்தன. மகன்கள் ரெண்டு பக்கமும் தண்ணீரில் இறங்கி நின்று சிவப்புக் கோட்டையே பார்த்தார்கள். கரையில் இருந்தவர்களும் அதைத்தான் பார்த்தார்கள். சுண்ணாம்புக்குளத்துக்காரர் முன்பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பாய்க்கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளிம்பில் கால் வைத்து ஏறி, பெரிய மருமகள் மூட்டைக்கும் பேத்தி மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

"சரிம்மா. ஏறுங்க" என்றார் அவர், திரும்பாமலே.

"ஏறிட்டேன்யா" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நாற்பது வருஷம் படகு ஓட்டுகிற மனுஷன், ஒரு ஆள் ஏறினால் உள்ளங்காலிலேயே தெரியும். அவருக்குத் தெரியவில்லை. படகுக்கே தெரியவில்லை.

"கோடு?" என்று கேட்டேன்.

"அப்படியே கீதும்மா" என்றான் பெரியவன் தண்ணீரிலிருந்து. "அலை தொடுது, போவுது. அவ்ளோதான்."

கோடு முழுகவில்லை என்று கரையில் கை தட்டினார்கள். சின்ன மருமகள் குலவை கூடப் போட்டாள். எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அது கொஞ்சமாவது அமுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஒரு விரல் அளவு. ஒரு நகம் அளவு. விளிம்பில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தால் கூட ஆடுகிற படகு அது, பிறகு பலதரம் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே படகை மாற்றிக்கொண்டோம். எங்கள் பழைய படகில் ஏறிக்கொண்டு சுண்ணாம்புக்குளத்துக்காரர் வடக்கே போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் தர்றேன்னு சொன்ன துண்டைக் கேட்கவில்லை.

மறுநாளே சின்னவன் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். வியாதி ஒன்றும் இல்லையாம். வயசு, சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். எல்லாருக்கும் போட்ட பிறகு சட்டியில் இருப்பதைச் சாப்பிடுகிறவள் நான். சட்டியில் எவ்வளவு இருந்தது என்று பார்த்ததில்லை. இப்போது மருமகள்கள் ரெண்டு பேரும் எனக்கு முதலில் போடுகிறார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை போலீஸ்காரர்கள் மாதிரி எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது பழகவில்லை. தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது.

பெரிய படகில் நாங்கள் எல்லாரும் ஒரே நடையில் போகிறோம். ஒரு கல்யாணத்துக்குப் போய், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் இறங்கி, நாங்கள்தான் பந்திப்பாய் விரித்தோம் என்று பெரிய மருமகள் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். இறாலும் முதலில்தான் சேர்கிறது. ஓட்டம் குறையவில்லை. நான் சொன்ன ஒரே வார்த்தையை என் பிள்ளைகள் காப்பாற்றினார்கள், அதில் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கூட்டத்தோடு படகில் ஏறும் ஒவ்வொரு தடவையும், காலைக் கொஞ்சம் ஓங்கித்தான் வைக்கிறேன்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ இதுவரைக்கும் எழுதினதை ஒரு தரம் படி, கேட்கிறேன். மெதுவாகப் படி. தராசு வருகிற இடத்தில் ஆயா மனசு கஷ்டப்படுமேன்னு நம்பரை ஏத்திப் படிக்காதே. இருக்கிறதை இருக்கிற மாதிரியே படி.